விஆர் விளையாட்டு நாவல் எழுதப் போகிறவர்களுக்கு

பதினைந்து வயதுப் பையன் விஆர் ஹெட்செட்டை, அதாவது மெய்நிகர் உலகத்தைக் கண் முன் காட்டும் கருவியை, மாட்டுகிறான். கண் முன்னால் கோட்டை, டிராகன், கையில் வாள். இளையோருக்கான விஆர் நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். மூன்றாவது அத்தியாயத்தில் நின்றும் போகிறார்கள். டிராகனிடம் தோற்றால் பையனுக்கு என்ன நஷ்டம் என்பதை யோசித்திருக்கவே மாட்டார்கள். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றால், வாசகரும் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

அதனால் டிராகனைக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து உள்ளே போவோம். முதல் மூன்று படிகளுக்கு அத்தியாயம் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஒரு வாரமும் போதும்.

படி 1: பணயம் என்ன?

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: உள்ளே தோற்றால் வெளியே எது போகும்? விடை ஒரு வரிக்குள் அடங்கவில்லை என்றால் அது இன்னும் பணயமாகவில்லை.

ஏற்கெனவே வந்த நாவல்கள் இதற்கு என்ன விடை வைத்தன என்று பார்த்துவிடுவது நல்லது. ஜப்பானின் 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்' உயிரையே பணயம் வைத்தது. கதைப்படி 2022 நவம்பர் 6 அன்று பத்தாயிரம் பேர் ஆட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், லாக் அவுட் பட்டனைக் காணோம், உள்ளே செத்தால் வெளியேயும் சாவு. எர்னஸ்ட் க்ளைனின் 'ரெடி பிளேயர் ஒன்' (2011) பெரும் சொத்தை வைத்தது. கானர் காஸ்டிக்கின் 'எபிக்' (2004) வன்முறையே தடை செய்யப்பட்ட ஒரு சமூகத்தில் வழக்குகளின் தீர்ப்பை ஆட்டத்திடம் ஒப்படைத்தது. மேரி லூவின் 'வார்க்ராஸ்' (2017) வாடகை பாக்கியில் தொடங்குகிறது. கோரி டாக்டரோவின் 'ஃபார் தி வின்' (2010) ஆட்டத்துக்குள் தங்கம் சேர்த்து விற்கும் பிள்ளைகளின் கூலியைப் பேசுகிறது. அதில் மும்பையும் வருகிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் உயிரைத்தான் எடுக்கிறார்கள். எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு சிக்கல்கள் கூடவே வரும். நாயகன் கடைசி அத்தியாயம் வரை சாக மாட்டான் என்று வாசகருக்குத் தெரியும், எனவே நடுவில் வரும் எந்தச் சண்டையிலும் பதற்றம் நிற்காது. இரண்டாவது, செத்தால் நிஜமாகவே சாவு என்றால் புத்தியுள்ள எவரும் ஊர் எல்லையைத் தாண்டாமல் பத்திரமாக உட்கார்ந்திருப்பார்களே? அவர்களை வெளியே இழுப்பது எது? இதற்கு விடை இல்லாத வரைவு அங்கேயே படுத்துவிடும்.

சின்னப் பணயங்கள்தான் பெரும்பாலும் நன்றாக வேலை செய்கின்றன. அக்காவின் கணக்கில் திருட்டுத்தனமாக ஆடுகிறாள். தோற்றால் அக்கா மூன்று வருடம் சேர்த்தது போகும். ஹெட்செட் இரவல், சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். இ-ஸ்போர்ட்ஸ் (கணினி விளையாட்டுப் போட்டி) அணியில் இடம் கிடைத்தால்தான் கல்லூரிக் கட்டணம்.

சட்டத்தையும் பணயமாக்கலாம். சீனாவில் 2021 விதிப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆன்லைனில் ஆடலாம். தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆட்டத்தை மூடியது. பத்து வருடம் கழித்து அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. இன்றைய சென்னையில் உங்கள் நாயகன் பந்தயம் கட்டி ஆடினால் அந்த ஆட்டத்தை நடத்துகிறவர் ஏற்கெனவே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்பது நினைவிருக்கட்டும். கதை சீனாவில் நடக்கிறது என்றால், வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம், பாட்டியின் அடையாள அட்டையில் கணக்கு, திடீரென்று திரை முகத்தைக் காட்டச் சொல்கிறது. இதைவிட நல்ல கெடிகாரம் வேறு வேண்டுமா?

படி 2: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு: இன்று கடையில் கிடைக்கும் ஹெட்செட், பத்து இருபது வருடம் தள்ளிய மெல்லிய கண்ணாடி, மூளையோடு நேராக இணைவது. ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் குறைகளோடு குடும்பம் நடத்துங்கள். நடுவில் மாற்றக் கூடாது.

இன்றைய ஹெட்செட் என்றால் குறைகளுக்குப் பஞ்சமில்லை, அவ்வளவும் கதைக்குத் தீனி. மெட்டா குவெஸ்ட் 3-இன் எடை 515 கிராம். பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம். உங்கள் நாயகி ஆறு மணி நேரம் தொடர்ந்து ஆட வேண்டும் என்றால் இடுப்பில் பவர் பேங்க், முதுகில் ஒயர் என்று எழுதியாக வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸில் கீறல் விழும். சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாமல் ஆடினால் நெற்றிப் பஞ்சு நனைந்து லென்ஸ் பனிக்கும். கழற்றிய பிறகும் அரை மணி நேரம் கண்ணைச் சுற்றிச் சிவந்த தடம் இருக்கும். 'படிச்சுக்கிட்டிருந்தேன்' என்று பொய் சொல்கிறவளை அம்மா அந்தத் தடத்தை வைத்தே பிடித்துவிடலாம்.

ஹெட்செட்டில் இருக்கும் கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் தலை, கை எங்கே இருக்கின்றன என்று கணக்குப் போடுகின்றன. விளக்கு போய்விட்டால் கணக்குத் தவறும். அடையாளம் ஏதுமற்ற வெள்ளைச் சுவரோ பெரிய நிலைக்கண்ணாடியோ எதிரே இருந்தாலும் தடுமாறும். ஜன்னலோரம் மேஜையில் லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி வைத்துவிட்டுப் போனால், வெயில் லென்ஸ் வழியே குவிந்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். வில்லனே தேவையில்லாத விபத்து இது.

தலைசுற்றலை மறந்துவிட்டு எழுதப்படும் வரைவுகள் ஏராளம். கண் 'ஓடுகிறோம்' என்கிறது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு 'சும்மா நிற்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. தலையைத் திருப்பியதற்கும் காட்சி திரும்புவதற்கும் நடுவே சுமார் 20 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் ஏற்பட்டால் நிலைமை இன்னும் மோசம். விநாடிக்கு 90 பிரேம் (படச்சட்டம்) ஓடும் ஆட்டத்தில் ஒவ்வொரு பிரேமுக்கும் 11 மில்லி விநாடிதான் அவகாசம். அதனால்தான் நிஜ விஆர் ஆட்டங்களில் ஓடுவதற்குப் பதில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ விடுகிறார்கள், வேகமாக நகரும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்குகிறார்கள். புதிதாக ஆடுகிறவள் முதல் நாளே குதிரையேறிப் பறந்தால் அவளுக்கு அடுத்த காட்சி வாஷ்பேசினில்தான்.

இன்னொன்று: இந்தக் கருவிகளில் வாசனை கிடையாது, ருசி கிடையாது. தொடு உணர்வு என்பது கைப்பிடியின் அதிர்வு மட்டும். ஆனால் வரைவுகளில் ஆட்டத்துக்குள் மண்வாசனை தாராளமாக அடிக்கும். அதை வெட்டிவிடுங்கள். மூக்கு எப்போதும் வெளியில்தான் இருக்கிறது என்பதைப் பயன்படுத்துங்கள். பனிமலைக் குகையில் நால்வர் மூச்சை அடக்கி நிற்கும்போது நாயகிக்கு மட்டும் வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது. அம்மா வந்துவிட்டாள்; இன்னும் பத்து நிமிடத்தில் கதவு தட்டப்படும்.

மூளை இணைப்பு என்றால் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மூளையிலிருந்து வாசிப்பது ஒன்று, மூளைக்குள் எழுதுவது வேறொன்று. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்திய சில்லு, நினைத்தாலே கர்சரை நகர்த்த உதவியது, அது வாசிப்பு. எழுதுவதற்கு நமக்குப் பழக்கமான உதாரணம், காது கேளாத குழந்தைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட். செவி நரம்பில் ஏறத்தாழ 30,000 இழைகள் இருக்க, அந்தக் கருவி இருபது சொச்சம் மின்முனைகளை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பேச்சைப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் பயிற்சி தேவை. ஒரு புலனுக்கே இந்தப் பாடு. ஆகவே தலையில் தொப்பி மாட்டியதும் ஐந்து புலன்களும் வேலை செய்வது இன்றைய நிலவரப்படி சுத்தக் கற்பனை. கற்பனை செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். குவாண்டம் அது இது என்று நான்கு பக்கம் விளக்கினால் யாரும் நம்பப் போவதில்லை.

ஆனால் விளைவுகளை விட்டுவிடாதீர்கள். உள்ளே ஓடும்போது வெளியே கால் உதறக் கூடாது என்றால் தசைகளை முடக்க வேண்டும். கனவு காணும் உறக்கத்தில் உடல் இதைத் தானே செய்துகொள்கிறது. மனம் விழித்து உடல் விழிக்காத அந்தச் சில நொடிகளைத்தான் நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். உங்கள் ஆட்டத்தில் லாக் அவுட் பாதியில் சிக்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு வர்ணனை தேட வேண்டாம். முடங்கிக் கிடக்கும் உடலுக்குக் கொசு யார் விரட்டுவது, அடுப்பில் வைத்த பாலை யார் இறக்குவது, சிறுநீர் முட்டினால் எப்படித் தெரியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் நோட்டில் விடை இருக்க வேண்டும்.

படி 3: ஆட்டத்தின் விதிகள்

ஒரு பக்கம் போதும். அதற்கு மேல் எழுதினால் நாவல் எழுதும் ஆசை தீர்ந்துவிடும். அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: செத்தால் என்ன இழப்பு, எவ்வளவு நேரத்தில் மீண்டும் எழலாம், குழுவில் எத்தனை பேர், பொருளைக் கைமாற்றலாமா, உள்ளே சேர்த்ததை வெளியே காசாக்கலாமா, யார் யாரைத் தடை செய்யலாம்.

எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடிக்கடி வரும் பிழை இது: 'இந்த வாள் விழ ஒரு சதவீதம்தான் வாய்ப்பு' என்று எழுதிவிட்டு, நூறு முறை அரக்கனை அடித்தால் வாள் கட்டாயம் கிடைத்துவிடும் என்று கதையை நகர்த்துவது. ஒவ்வொரு முறையும் 99 சதவீதம் கிடைக்காது. நூறு முறை அடித்த பிறகும் கிடைக்காமலிருக்க வாய்ப்பு 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் வரும் அளவு, அதாவது 37 சதவீதம். முந்நூறு முறை அடித்தும் நூற்றில் ஐந்து பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். அந்த ஐந்து பேரில் ஒருத்தியாக உங்கள் நாயகி இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் மூன்றாவது அடியிலேயே அந்த வாளை எடுத்துவிடட்டும். இருவருக்கும் நடுவே என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நெட்வொர்க்கும் ஒரு விதிதான். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆட்டத்தை ஓட்டும் மையக் கணினியான சர்வர் மும்பையில் இருந்தால், டொரண்டோவில் இருக்கும் அத்தை மகன் என்ன விலை கொடுத்து இணைப்பு வாங்கினாலும் போக வர 125 மில்லி விநாடிக்குக் கீழே வராது. நடைமுறையில் பிங் (இப்படிப் போய்வரும் நேரம்) 200-ஐத் தாண்டும். சென்னைக்காரிக்கு 30 இருந்தாலே அதிகம். அவன் திரையில் தப்பித்துவிட்ட அம்பு அவள் திரையில் அவன் நெஞ்சில் நிற்கும். 'நான் குனிஞ்சேன்', 'இல்ல, நீ நின்னே' என்ற சண்டையில் இருவரும் பொய் சொல்லவில்லை.

நல்ல கதை, விதியின் ஓட்டையிலிருந்துதான் பிறக்கும். 2005 செப்டம்பரில் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். ஹக்கர் என்ற அரக்கன் வீரர்கள்மேல் ஒரு தொற்றை ஏவுவான். அது அவன் கோட்டைக்குள்ளேயே முடிந்துபோக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் வீரர்களின் வளர்ப்பு விலங்குகளுக்கும் அது தொற்றியது. சண்டை நடுவே விலங்கை மறைத்து வைத்து, ஊருக்குள் வந்து மீண்டும் அழைத்தவர்கள் தொற்றையும் அழைத்து வந்தார்கள். ஆட்டத்துக்குள் கணினியே இயக்கும் கடைக்காரர்கள் தொற்றோடு சாகாமல் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பரப்பினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் தெருவில் கொத்துக்கொத்தாய் விழுந்தார்கள். சிலர் ஓடி வந்து வைத்தியம் பார்த்தார்கள், சிலர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் போய்ப் பரப்பினார்கள். கடைசியில் நிறுவனம் சர்வர்களையே புதுப்பிக்க வேண்டி வந்தது. நோய்ப் பரவலை ஆராய்கிறவர்கள் இரண்டு வருடம் கழித்து இதைப் பற்றி லான்செட் குழும மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். இத்தனைக்கும் மூலம், வளர்ப்பு விலங்கு பற்றிய ஒரு வரி விதி.

2014 ஜனவரியில் 'ஈவ் ஆன்லைன்' ஆட்டத்தில் ஒரு நட்சத்திர மண்டலத்துக்கான கட்டணம் நேரத்துக்குக் கட்டப்படாமல் போக, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஆயிரக்கணக்கானோர் மோதினார்கள். மறந்துபோன கரண்ட் பில் ஒன்று போரான கதை.

உங்கள் விதிப் பக்கத்தை வைத்துக்கொண்டு, இதில் எந்த இரண்டு விதி மோதினால் ஆட்டம் குலையும் என்று தேடுங்கள். உச்சகட்டம் அங்கே இருக்கிறது. ஒரு நிபந்தனை: முடிவில் நாயகி பயன்படுத்தும் விதி, அதற்கு முன்பே குறைந்தது இரண்டு முறை, முக்கியமில்லாதது போலக் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு சக்தி முளைத்தால் பன்னிரண்டு வயது வாசகர்கூட மன்னிக்க மாட்டார்.

படி 4: தமிழில் எழுதும்போது

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இல்லாத தலைவலி ஒன்று நமக்கு உண்டு: வினைமுற்று. ஆட்டத்தில் நாயகி ஏழடிப் போர்வீரன் உருவம் எடுக்கிறாள். 'வாளை உருவினான்' என்பதா, 'உருவினாள்' என்பதா? முதலிலேயே முடிவு செய்து கடைசி வரை அதில் நிற்க வேண்டும். எளிய வழி, தன்மையில் சொல்வது: 'வாளை உருவினேன்'. எதிரி யார் என்பது ரகசியம் என்றால் 'அவர்', 'வந்தார்' என்று மரியாதைப் பன்மையில் தள்ளலாம். ஆனால் எல்லோரையும் டேய் போட்டுப் பேசும் கும்பலில் ஒருவர் மட்டும் 'அவர்' ஆனால் வாசகர் உடனே மோப்பம் பிடிப்பார். அதைவிட, மற்ற ஆட்டக்காரர்கள் உருவத்தைப் பார்த்து 'வந்துட்டான் பாரு' என்று தப்பாகச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். கதைசொல்லி அங்கே வாயைத் திறக்க வேண்டாம்.

உருவத்தை மறைக்கலாம், பேச்சை மறைப்பது கடினம். குரல் அரட்டையில் நாலு வார்த்தை பேசினால் போதும். 'என்னலே' என்றால் திருநெல்வேலி, 'கதைக்காதை' என்றால் யாழ்ப்பாணம், வாக்கியக் கடைசியில் 'லா' விழுந்தால் மலேசியாவோ சிங்கப்பூரோ. ஆள் மாறாட்டக் கதைக்குத் தமிழ் கொடுக்கும் வரம் இது. தூய தமிழிலேயே பேசும் கதாபாத்திரம் கணினியே இயக்கும் பாத்திரமாக இருக்கட்டும். வாசகருக்கு வித்தியாசம் தானாகப் புரியும்.

ஆட்டச் சொற்களை மொழிபெயர்க்க வேண்டாம். ஆடுகிற பிள்ளைகள் 'லாக் அடிக்குது', 'ரிவைவ் பண்ணு', 'லூட் எடுத்தாச்சா', 'ஒருத்தன் கேம்ப் பண்றான்' என்றுதான் பேசுகிறார்கள். 'மீளுயிர்ப்பு செய்' என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆடாதவர்களுக்குப் புரிய அடிக்குறிப்பு போடாதீர்கள். முதல் முறை வரும்போது செயலோடு வந்தால் போதும்: 'ரிவைவ் பண்ணு!' என்று கத்தினான். அவள் மண்டியிட்டு அவன் தோளில் கை வைத்தாள், விழுந்து கிடந்தவன் எழுந்தான்.

படி 5: அளவுகள்

தமிழில் 45,000 சொற்கள் போதும். பக்கத்துக்குச் சுமார் 200 சொற்கள் என்றால் 225 பக்கம் வரும். 1,800 சொற்கள் வீதம் 25 அத்தியாயம். ஆட்டத்துக்குள் 60 சதவீதம், வெளியே 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே குறைந்தால் பணயம் மறந்துபோகும். முதல் நுழைவு பதினைந்தாம் பக்கத்துக்குள் நடந்துவிட வேண்டும். எந்தச் சண்டையும் 900 சொல்லைத் தாண்ட வேண்டாம். முடிந்ததும் வெளியே ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்: தூக்கம் கெட்டது, டேட்டா தீர்ந்தது, தம்பிக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தச் சண்டையை அப்படியே எடுத்துவிடலாம்.

உயிர், பலம், லெவல் என்று எண்களைக் கட்டம் கட்டிக் காட்டும் வழக்கம் இந்த வகையில் உண்டு. அத்தியாயத்துக்கு ஒன்று போதும், அதில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். நம் வாசகர்களில் பலர் போனில் படிக்கிறார்கள். அட்டவணை அங்கே சிதறிப்போகும். எண் மாறும்போது மட்டும் காட்டுங்கள்.

படி 6: படித்துப் பார்க்க இருவர்

முதல் ஐந்து அத்தியாயம் முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள்: தினமும் ஆடும் ஒருவர், ஆட்டமே தெரியாத ஒருவர். வயது பதினேழுக்குள் இருந்தால் நல்லது. 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள், 'சூப்பர்' என்பார்கள். ஆடுகிறவரிடம், 'இந்த ஆட்டத்தில் நீ எப்படி ஏமாற்றுவாய்?' என்று கேளுங்கள். நீங்கள் கவனிக்காத ஓட்டை ஒன்றை ஐந்து நிமிடத்தில் சொல்வார். அதை அடைக்கலாம் அல்லது கதையில் சேர்க்கலாம். ஆடாதவரிடம், 'ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் தோற்றால் வீட்டில் என்ன நடக்கும்?' என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை நோட்டின் முதல் பக்க வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் ஆறாம் அத்தியாயத்துக்குப் போகாமல், வெளியே நடக்கும் காட்சிகளை முதலில் திருத்துங்கள்.